கூண்டில் நின்றிருக்க வேண்டியவன் நான்

பாப்பா,

ஒரு மனிதனுக்குப் படிக்கத் தெரியாது என்ற விஷயத்தை, அவன் வீட்டில் இரண்டு மாதம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நீ, அவனைக் குறுக்கு விசாரணை செய்யப் போன உன் சீனியரிடம் சொல்லிக் கொடுத்தாய். அதை வைத்து அவனைக் கோர்ட்டில் தலைகுனிய வைத்தீர்கள். அதோடு நின்றிருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நீ அதைப் பாடமாக்கினாய். வணிக வழக்கு நடத்தும் இளம் வக்கீல்களுக்கான பயிற்சி வகுப்பில், திரையில் அவனுடைய வாக்குமூலத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி விளக்கம் சொன்னாய். அவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்க இடம் விட்டாய்.

இதை உனக்குத் தனியாகத் தபாலில் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பேசினாய். அதற்குப் பதிலை நான் சமையலறையில் வைத்துச் சொல்ல முடியாது. உன் பெயரையும் உன் அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. அவன் பெயரை மாற்றித் துலுக்காணம் என்று வைத்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சரக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளையும், டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த ஆங்கிலப் பேப்பரையும் பார்த்து எழுத்துக் கூட்டியவன். என் எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள். சொல்லும் விஷயத்தில் தப்பு இல்லை.

அந்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டதே நீதான். "நைனா, நான் ட்ரெய்னிங் எடுக்கப் போறேன், நீ வந்து உக்காரு" என்று போன் செய்தாய். திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். உன் அம்மா என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். வாசலில் உன் அலுவலகக்காரர்களிடம், "எங்க அப்பா" என்று அறிமுகம் செய்தாய். வீட்டில் நைனா, வெளியில் அப்பா. அது எனக்கு வருத்தமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் உன் குரலைக் கேட்டுப் பெருமையாகத்தான் இருந்தேன். சாட்சிக்கு விளக்கம் சொல்ல இடம் கொடுக்காதே, ஆமாம் இல்லை என்பதற்குள் அவனை நிறுத்து, பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்றாய். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் மனதில் குறித்துக்கொண்டேன், என் பெண் இவ்வளவு படித்திருக்கிறாளே என்று. அப்புறம் திரையில் அந்தக் கேள்வி வந்தது: "நீங்கள் எழுதியதாகச் சொல்லும் இந்தச் சீட்டில் மூன்றாவது வரியைப் படியுங்கள்." அதற்குக் கீழே பதில் இருக்க வேண்டிய இடத்தில், சாட்சி மௌனமாக இருக்கிறார் என்று இருந்தது.

முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மேடம், அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். "ஃபீல்டுல விசாரிச்சோம். சாட்சியப் பத்தி முழுசா தெரிஞ்சுக்காம கூண்டுப் பக்கம் போகாதீங்க" என்றாய். அப்போது நீ கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காததில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

படிக்கிறவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். நானும் துலுக்காணமும் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் டேலி கிளார்க்குகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு உருப்படியையும் எண்ணி, அது நல்லதா உடைந்ததா நனைந்ததா என்று சீட்டில் குறிக்கிற வேலை. பத்திரிகை அச்சடிக்கும் காகிதம் ஆள் உயர உருளைகளாக வரும். கிரேன் தூக்கி வைத்ததும் துலுக்காணம் கிட்டே போய் விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டுவான். காய்ந்த உருளை மரக்கதவு போலச் சத்தம் கொடுக்கும். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். மேலுறை பளபளவென்று இருக்கும்போதே, "வாத்யாரே, இது உள்ள ஊறிக் கீது, எய்திக்கோ" என்பான். ஒருநாள் சந்தேகப்பட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் உறையைக் கிழிக்கச் சொன்னார். கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவன் தட்டினால் யாரும் கிழித்துப் பார்ப்பதில்லை.

அவன் தட்டுவான், நான் எழுதுவேன். அவனுடைய சீட்டையும் நானே எழுதுவேன். அவன் அப்பா கிரேன் சங்கிலி அறுந்து செத்துப்போனதால் வாரிசு வேலைக்கு வந்தவன் அவன். எழுதப் படிக்கத் தெரியும் என்று யாரோ விண்ணப்பத்தில் நிரப்பிவிட்டார்கள். கையெழுத்து மட்டும் படம் வரைவது போலப் பழகிக்கொண்டான். முப்பது வருடம் அவன் சீட்டுகளில் ஓடியது என் எழுத்து, கீழே அவன் கையெழுத்து. அவசரத்தில் கிறுக்கியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டில் உட்கார்ந்து நல்ல சீட்டில் எடுத்து எழுதுவேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றுவிடாமல் நினைவிலிருந்தே சொல்வான். உனக்கு அப்போது எட்டு வயது. "மாமா ஏன் எழுத மாட்டாரு?" என்று கேட்டாய். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் உன்னை வெளியே கூட்டிப்போய், "இத்த யார் கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா மாமாவுக்கு வேல போய்டும்" என்றேன். நீ சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, அவன் பிள்ளைகளோடு சண்டை போட்டபோதுகூடச் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு மாதம் புளியந்தோப்பில் அவன் வீட்டில் இருந்தாயே, தபால்காரர் வரும்போதெல்லாம், "மாமா, நான் படிச்சுக் காட்டட்டா, எனக்குப் பழக்கம் வேணும்" என்று அவனுக்குக் கூச்சமில்லாதபடி கேட்டாயாம். அவன் மனைவி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். எட்டு வயதில் நீ காப்பாற்றத் தெரிந்துவைத்திருந்ததை, இத்தனை படிப்புக்கு அப்புறம் காப்பாற்றத் தெரியவில்லை.

வழக்கு வந்த கதை உனக்குத் தெரியும், ஒரு பாதி. காகிதம் வாங்கிய கம்பெனி, உருளைகள் கப்பலிலேயே கடல்தண்ணீரில் நனைந்தன என்று கப்பல்காரன் மேல் வழக்குப் போட்டது. கப்பல்காரனுக்கு உங்கள் அலுவலகம். நனைந்தது உண்மை. அன்றைக்கு அந்தக் கப்பலில் துலுக்காணம் தட்டினான், நான் எழுதினேன். உனக்குத் தெரியாத மறுபாதியை இப்போது சொல்கிறேன். அந்தக் கம்பெனியின் வக்கீல் முதலில் என்னைத்தான் தேடி வந்தார். "என் பொண்ணு எதிர்க்கட்சி ஆபீசுல இருக்கு, என்ன இதுல இழுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன். உனக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நினைத்தேன். அவர் துலுக்காணத்திடம் போனார். அவனுக்காக ஆங்கிலத்தில் ஒரு பிரமாண வாக்குமூலம் தயார் செய்தார்கள். அதில், இந்தச் சீட்டை நானே என் கைப்பட எழுதினேன் என்று ஒரு வரி. மறுநாள் அவன் ராயபுரத்தில் என்னைப் பார்த்தபோது கேட்டான்.

"வாத்யாரே, யாரு எய்துனதுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"கையெழுத்து உன்னுதுதானே. உன்னுதுன்னே சொல்லு."

"படினு சொல்லிட்டாங்கன்னா?"

"யார்றா அதெல்லாம் கேக்கப் போறாங்க? ஈரமா, காஞ்சதா, அத்த மட்டும் கேப்பாங்க. நீ தட்டிப் பாத்தத சொல்லு."

என் வார்த்தையை நம்பிப் போனான். முப்பது வருடம் என் வார்த்தையை நம்பித்தானே கையெழுத்துப் போட்டான்.

கோர்ட்டிலிருந்து வந்து அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ உன் வகுப்பில் காட்டிய காகிதத்தில் இது இல்லை. "மூணாவது வரியப் படின்னாரு. கண்ணாடி எட்தாரலன்னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன் வாத்யாரே. அந்தப் பெரிய வக்கீலு தன் கண்ணாடியக் கயட்டி குட்தாரு. போட்டுப் பாருங்கன்னாரு. போட்டேன். எல்லாம் பெருசு பெருசாத் தெரிஞ்சிது. அவ்ளோதான். தட்டிப் பாத்தேன் சார், சத்தம் வரல சார்னு சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்ட்டாரு." அப்புறம், "அந்த ஆளு கண்ணாடிய முன்னாடியே தொடச்சி வச்சிகினு இருந்தாரு" என்றான்.

அவன் சாட்சியம் எதையும் நம்ப முடியாது என்று தீர்ப்பில் எழுதி, வழக்கைத் தள்ளிவிட்டார்கள். செய்தி துறைமுகம் வரைக்கும் வந்தது. ஓய்வு பெற்ற ஆட்கள் காலையில் கூடும் டீக்கடையில், "இன்னா மாமு, கண்ணாடி எட்தாந்தியா? பேப்பர் கீது, படிச்சிக் காட்டேன்" என்று ஒருவன் ஆரம்பித்தான். அவன் சட்டையை நான் பிடித்தேன். ஆனால் துலுக்காணம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன் அப்புறம் வரவில்லை. நான்தான் வாரம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த ஆளுக்கு எப்டி வாத்யாரே தெரிஞ்சிது?" வக்கீல்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள் என்று சொல்லி வந்தேன். உன் வகுப்புக்கு வரும்வரை நானும் அதையே நம்பினேன்.

திரும்பி வரும்போது நீ காரில் கொண்டுவிட்டாய். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நாமும் நின்றோம்.

"இன்னா நைனா, ஒண்ணும் பேசாம வர? நல்லா இல்லியா?"

"துலுக்காணத்தப் பத்தி யாரு சொன்னது?"

நீ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அவரு பொய் சொன்னாரு நைனா. தானே எழுதினேன்னு சத்தியம் பண்ணி பொய் சொன்னாரு. பொய் சொல்ற சாட்சிய உடைக்கிறதுதான் என் வேல" என்றாய்.

"அவன் எய்தலன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? என் லீவ் லெட்டரெல்லாம் அந்த எழுத்துலதான போச்சு? ஃபைலத் திறந்ததுமே தெரிஞ்சுது." அப்புறம் குரலை இறக்கி, "சீனியர் கிட்ட எழுதினது யாருன்னு நான் சொல்லல. அவருக்குப் படிக்க வராதுன்னு மட்டும்தான் சொன்னேன். சொல்லியிருந்தா உன்னக் கூண்டுல ஏத்தியிருப்பாங்க. உன்னக் காப்பாத்தினேன் நைனா" என்றாய்.

பாப்பா, அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டது. நான் இறங்கி நடந்து வந்தேன். நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. எனக்கு உன் முகத்தைப் பார்த்து அழ வெட்கமாக இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் கூண்டில் ஏறியிருப்பேன். மூன்றாவது வரியைப் படித்திருப்பேன். வெளியுறை நனைந்துள்ளது, உள்ளேயும் ஈரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கண்ணாடி இல்லாமலே சொல்லியிருப்பேன், நான் எழுதியதுதானே. எழுதியவன் நான், தட்டியவன் அவன் என்று சொன்னால் அந்தச் சீட்டு நின்றிருக்கும். அப்பனைக் காப்பாற்ற மாமனைக் கொடுத்தேன் என்கிறாய். நான் அப்படிக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் எப்போது கேட்டேன்?

நீ வக்கீலாகப் பதிவு செய்த அன்று அவனும் நம்மோடு ஹைகோர்ட் வரை வந்தானே, நினைவிருக்கிறதா? வாசலில் உள்ளே போகிறவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார்கள். அவன் வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பழவண்டிக்காரரிடம் போய் நின்றுகொண்டான். எனக்குக்கூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை, உனக்குப் புரிந்தது. எல்லாம் முடிந்ததும் கறுப்பு கவுனோடு சாலையைக் கடந்து ஓடி அவனிடம் காட்டினாய். "இன்னாம்மா, ஜட்ஜு மாரி கீறியே" என்றான். நீ அவன் காலைத் தொட்டாய். அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் பயிற்சி வகுப்புகளில் சாட்சியைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள் என்று சொல்லித் தருகிறீர்களே, தெரிந்ததில் எதைப் பயன்படுத்த உனக்கு உரிமை இல்லை என்று யாராவது சொல்லித் தருகிறார்களா? சொந்த அப்பன் எழுத்து ஃபைலில் இருந்தால் அந்த ஃபைலை மூடிவிட்டு, இந்த வழக்கு எனக்கு வேண்டாம் என்று எழுந்து வர வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்பு போதும்.

என் தப்பையும் மறைக்கப் போவதில்லை. நீ பள்ளியில் பேச்சுப் போட்டியில் தோற்று வந்தபோது இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஜெயிக்காமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் துலுக்காணம் ஒரு சிலேட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "வாத்யாரே, எனக்கும் சொல்லிக் குடேன். அவ முன்னாடி கேவலமாக் கீது" என்றான். "உனக்கு எதுக்குடா, நான் கீறேன்ல" என்றேன். சிலேட்டை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு எழுத வந்துவிட்டால் என்னை யார் வாத்தியார் என்று கூப்பிடுவார்கள் என்பதுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது. இதை இதுவரை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. என் எழுத்துக்குக் கீழே அவனைக் கையெழுத்துப் போட வைத்தேன், கடைசியில் என் பொய்க்கும் அவனையே போட வைத்தேன். நீ செய்தது அதற்கு மேல்.

இதற்குப் பின்னும் நீ என் பெண்தான். ஆனால் நான் இறங்கி வர மாட்டேன். தீபாவளிக்கு வருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கீழே எழுதியிருப்பது நடந்த பிறகு வா.

உன் அலுவலகம் அந்த வகுப்பின் வீடியோவை எடுத்துவிட வேண்டும். ஊரையும் வழக்கையும் மாற்றிவிட்டுத் திரும்பப் பாடம் நடத்தலாம் என்று நினைக்காதே, அந்தக் கேள்விக்கும் மௌனத்துக்கும் சொந்தக்காரன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறான்.

நீ உன் சீனியரிடம் போய், அந்தச் சீட்டு என் அப்பா எழுதியது, தெரிந்தே மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். காகிதக் கம்பெனி போட்ட மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. அதிலிருந்து நீ விலக வேண்டும். இதனால் உன் வேலைக்கே ஆபத்து வரலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். வேலை போனால் நம் வீட்டில் சோறு இருக்கிறது.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நீ பொய்யான பதில் சொன்னாய். அவனைத் தேடிப்பிடித்து உண்மையான பதிலைச் சொல். அவனும் நாளைக்கு யாரையோ கூண்டில் ஏற்றப் போகிறவன்.

உன் அம்மா செய்ய வேண்டியது ஒன்றுதான், நம் இருவருக்கும் நடுவில் சமாதானம் பேசாமல் இருக்க வேண்டும்.

நான் காகிதக் கம்பெனியின் வக்கீலைப் பார்க்க வேண்டும். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் கேட்க வழி உண்டு என்று நீ வீட்டில் விட்டுப்போன புத்தகத்தில் படித்தேன். கோர்ட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனாலும் கேட்பேன். எழுதியவன் நான், பொய் சொல்லச் சொன்னவனும் நான் என்று பிரமாணம் செய்வேன். அதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு.

அதற்கெல்லாம் முன்னால், இது அச்சுக்குப் போகும் முன்னால், நாளைக் காலை நான் புளியந்தோப்புக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்து இதை முதல் வரியிலிருந்து படித்துக் காட்ட வேண்டும். அவன் ஒவ்வொரு வாரமும் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. உன் பேச்சு வரும் இடத்தில் அவன் என்னை நிறுத்துவான், உன்னை விட்டுக் கொடுக்க மாட்டான், நம்மளப் பத்தி ஏன் ஊருக்குச் சொல்ற என்பான். அப்படிச் சொன்னால் இது வேறு யார் கண்ணிலும் படாது, உனக்கு மட்டும் வரும். அவனிடம் கையெழுத்துக் கேட்க மாட்டேன். முழுவதையும் படித்து முடித்துவிட்டு, அவன் வாயால் ஒரு பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.